வெறும் வயிற்றில்

வேதாசலம் சார் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வாரா, மாட்டாரா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. ஐந்து வருடம் போல ஒரே வீட்டில் இருந்தோம். கடைசி ஒன்றரை வருடம் அவருக்குக் காபி கலந்து கொடுத்தது நான்தான். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், "அரை ஸ்பூன் போதும்மா" என்று அவர் சொன்னது போலவும் இருக்கிறது. "சர்க்கரையே வேண்டாம்" என்று டம்ளரைக் கையால் மூடிக்கொண்டது போலவும் இருக்கிறது. இரண்டில் ஒன்று என் கற்பனையாகத்தான் இருக்க வேண்டும். அதனால் நான் சொல்லப்போவதில் மாதமும் வரிசையும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். மாத்திரை விஷயம் மட்டும் அப்படியே நினைவிருக்கிறது. அதை நம்பலாம்.

அவர் என் அம்மாவின் இரண்டாவது கணவர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அம்மா கணக்கு டீச்சராக இருந்தபோது அவர் அங்கே டிராயிங் மாஸ்டர். கல்யாணம் ஆகாதவர். அப்பா இருந்த காலத்திலும் வருடத்துக்கு ஒரு முறையாவது வீட்டுக்கு வருவார். வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுவார். அப்பா தொண்ணூற்றாறில் இறந்த பிறகு அண்ணன் ஷ்யாம்சுந்தர் அம்மாவை நியூ ஜெர்சிக்கு அழைத்துக்கொண்டு கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தான். அங்கே போவதும் இங்கே வருவதுமாக அம்மாவின் காலம் ஓடியது. நான் விவாகரத்துக்குப் பிறகு சேலையூர் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். படப்பை போகிற வழியில் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகர் வேலை. மாணவர்கள் நூலகத்துக்கு மின்விசிறிக் காற்றுக்காகத்தான் வருவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நாளெல்லாம் படிக்கலாம், யாரோடும் பேச வேண்டியதில்லை.

இரண்டாயிரத்தோராம் வருடத் தொடக்கத்தில் என்று நினைக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வந்து பெட்டியைக்கூட முழுவதும் பிரிக்காத அம்மா, சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

"மிருது, நானும் வேதாசலம் சாரும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

நான் பேசாமல் இருந்தேன். என் மௌனத்தை மற்றவர்கள் அவரவர் வசதிப்படி எடுத்துக்கொள்வது வழக்கம். என் கணவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அம்மா சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். என் கையைப் பிடித்து அழுதாள்.

நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மேல் எனக்குப் பாசம் உண்டு. அதனால்தான் அவளை உள்ளபடி பார்க்க முடிந்தது. ஐம்பத்தெட்டு வயது. முட்டிவலி. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் "முருகா" என்பாள். முன்பற்கள் இரண்டு கட்டியவை. வகுப்பெடுத்தே கட்டையாகிப்போன குரல். இப்படி ஒரு பெண்ணை, இத்தனை காலம் தனியாக இருந்து பழகிய ஒரு மனிதன் எதற்காகக் கட்டிக்கொள்வான்? நிதானமாக யோசித்தேன். கோபத்தில் யோசிக்கவில்லை. அம்மாவிடம் முன்பு இல்லாமல் இப்போது இருந்த ஒரே பொருள் அந்த கிரீன் கார்டு. வேறு விடை கிடைத்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

கல்யாணம் சிங்கப்பெருமாள் கோவிலில் நடந்தது. மேளம் கிடையாது, பத்திரிகை கிடையாது. அவர் பக்கம் படப்பையிலிருந்து தங்கை ஜெயக்கொடி வந்திருந்தாள். எங்கள் பக்கம் நானும் அடுத்த வீட்டு ஸ்ரீரங்கனும். ஸ்ரீரங்கன் கணக்குத் துறையில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலனியில் எது நடந்தாலும் அதற்கு அவர் ஒரு பெயர் வைப்பார். தாலி கட்டி முடித்து வெளியே வந்ததும் சாரின் தோளில் தட்டினார்.

"என்ன மாஸ்டர், ஊரெல்லாம் பொண்ணுக்கு அமெரிக்க மாப்பிள்ளை தேடறா. எங்க டீச்சர் மாப்பிள்ளைய இங்க பிடிச்சு அமெரிக்காவுக்கு ஏத்தப்போறா. நீங்கதான் ஒரிஜினல் அமெரிக்க மாப்பிள்ளை."

சார் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஜெயக்கொடி விடவில்லை.

"ஆமா சாரு. எங்கண்ணன் அங்க போய் வெள்ளைக்காரிங்களுக்குக் கோலம் போடக் கத்துக் குடுக்கும். நீ வேணா பாரு, வர்றப்ப தொப்பி மாட்டிகினு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தாள். வேடிக்கைப் பேச்சில் உண்மை எளிதாக வெளியே வந்துவிடும் என்பது நான் படித்துத் தெரிந்துகொண்டது. நான் அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

அதன் பிறகு பார்க்கத் தொடங்கினால் எல்லாமே கண்ணில் பட்டது. அவர் தாம்பரம் மார்க்கெட் அருகே ஆங்கிலம் பேசக் கற்றுக் கொடுக்கும் இடத்தில் சேர்ந்து, காலேஜ் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து வந்தார். யாரோ நேபாளி விற்ற சாம்பல் நிற ஸ்வெட்டரை வாங்கி, பூச்சி உருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தார். ஷ்யாமின் பையன் எந்த வகுப்பு, என்ன சாப்பிடுவான் என்று ஓயாமல் விசாரிப்பார். இதெல்லாம்கூடச் சும்மா இருக்கலாம். ஆனால் ஒருநாள் அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டியபோது, அது கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது என்று தெரிந்தது. அம்மா அவரைப் பற்றி எங்களிடம் பேச்செடுப்பதற்கும் முன்பே. ரயில்வே கேட் தாண்டுவதே அபூர்வமான ஒரு டிராயிங் மாஸ்டருக்கு எதற்குப் பாஸ்போர்ட்? நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்லியிருப்பார். யாருமே ஏதாவது சொல்வார்கள்.

அவர் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தார். நான் படிக்கும்போது ரேடியோவை நிறுத்திவிடுவார். அவரை நான் 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள் என்பதால் அது யாருக்கும் உறுத்தவில்லை.

அம்மா குடியுரிமை கிடைக்க வேண்டும் என்று அந்த இரண்டு மூன்று வருடம் பெரும்பாலும் அங்கேயே இருந்தாள். குளிர்காலத்தில் வந்து போவாள். குடியுரிமை கிடைத்ததும் சாருக்கு மனு வேகமாக நகர்ந்தது. அதோடு கூடவே எனக்கும் ஒரு மனு போட்டாள், மகள் என்ற முறையில். எனக்கு ஐந்தாறு வருடம் ஆகும் என்றார்கள். நான் அதைப் பற்றி அதிகம் நினைக்கவில்லை.

இரண்டாயிரத்து நான்கில், ஆடியோ ஆவணியோ, விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு சார் போய்விட்டு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"எக்ஸ்ரேல ஏதோ இருக்காம் மிருது. சளியும் எடுத்துப் பார்த்துட்டாங்க. டி.பி.ங்கறாங்க. ஆறு மாசம் மருந்து சாப்பிட்டு, சுத்தமா போயிடுச்சுன்னு ஆனப்புறம்தான் விசாவாம்."

எங்கள் காலனியில் சர்க்கரை நோயைப் பற்றிப் பெருமையாகவே பேசுவார்கள். மாரடைப்பு வந்தால் பழத்தோடு பார்க்கப் போவார்கள். இந்த ஒரு நோயின் பெயரை மட்டும் வாயால் சொல்லமாட்டார்கள். "அவங்க வீட்ல ஒருத்தர் சானடோரியம் போறார்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். ஒரே ஸ்டேஷன் தூரத்தில் அந்த டி.பி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில்தான் இப்படி.

"அங்க இலவசமா மருந்து குடுக்கறாங்களாமே" என்றார் சார். "வாரத்துல மூணு நாள் போகணும். அவங்க கண்ணு முன்னாலயே முழுங்கணுமாம். போயிட்டு வந்துடறேனே. எனக்கு வேற என்ன வேலை?"

"வேண்டாம் சார்" என்றேன். "காலனில யாராவது பார்த்தா நாளைக்கே ஊர் முழுக்கத் தெரியும். ஷ்யாம் காதுக்குப் போகும். நிஷா அண்ணிக்குப் பிரசவ நேரம். கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு உங்களை வரவிடுவானா?"

அவர் முகம் சின்னதாகிவிட்டது. "ஆமாம்மா. அது எனக்குத் தோணலை" என்றார்.

நான் சொன்னது நியாயமான பேச்சு. காலனியில் யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் சொன்னோம், அதுவும் 'லேசாக' என்று. மற்றவர்களுக்கு ஆஸ்துமா. குரோம்பேட்டையில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளூர் மருந்துக்கடையில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று, வேலைக்குப் போகிற வழியில் படப்பையில் வாங்கினேன். டாக்டர் இளைஞர். மேஜைமேல் சாய்ந்து எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்ல ஒருத்தர் பொறுப்பா நின்னு குடுக்கணும். காலைல வெறும் வயித்துல. நடுவுல விட்டு விட்டுச் சாப்பிட்டா கிருமிக்கு மருந்து பழகிடும். அப்புறம் எதைக் குடுத்தாலும் கேட்காது. யார் பார்த்துக்கறீங்க?"

சார் என்னைப் பார்த்தார்.

"நான் பார்த்துக்கறேன்" என்றேன். அன்று அதை மனதாரத்தான் சொன்னேன்.

முதல் இரண்டு மாதம் ஒருநாள்கூடத் தவறவில்லை. விடிந்ததும் அவர் பல் தேய்த்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நிற்பார். கையை நீட்டுவார், கோயிலில் தீர்த்தம் வாங்குவது போல ஒரு கையின் கீழ் இன்னொரு கையை வைத்து. நான் மாத்திரையை வைப்பேன். வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, "ஆச்சு" என்பார். அந்த மருந்தில் சிறுநீர் சிவந்து போகும், பயப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாருக்கு அதைச் சொல்லவும் கூச்சம், சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதே மிருது. முப்பது வருஷம் கலர் கலக்கினவன், அதான். காவி இல்ல. செங்கல்லும் இல்ல. குங்குமப்பூவைப் பால்ல போட்டா முதல்ல ஒரு கோடு இறங்கும் பாரு, அது."

இருமல் நின்றது. கன்னத்தில் சதை வந்தது. ஸ்ரீரங்கன் மதில் மேல் எட்டிப்பார்த்து, "என்ன அமெரிக்க மாப்பிள்ளை, பளபளன்னு இருக்கீர், பிளேன் ஏறற களையா?" என்று கேட்டார். சார், "எல்லாம் மிருது சமையல் சார்" என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டபடி நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இன்னும் நான்கு மாதத்தில் இவர் குணமாகிவிடுவார் என்று அப்போது தோன்றியது. விசா வரும். அங்கே போவார். போன பிறகு அம்மாவின் கதி என்ன? கார்டு கைக்கு வந்ததும் மனைவியை விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றி நான் பத்திரிகையில் படித்திருக்கிறேன். அம்மா வெகுளி. அவளுக்காக யாராவது ஒருவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். இந்த மனிதர் அம்மாவுக்காக வந்தவரா, விசாவுக்காக வந்தவரா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. விசா கிடைக்காது என்று ஆகட்டும், அப்போது என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் மாதத்திலிருந்து மாத்திரைகளின் எண்ணிக்கை குறையும். அது டாக்டரே சொன்னது. நான் இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அதே அளவில், ஏறக்குறைய அதே நிறத்தில் சத்து மாத்திரைகள் கிடைக்கின்றன. சில நாள் அதைக் கொடுத்தேன். சில நாள் உண்மையான மருந்தைக் கொடுத்தேன். முழுவதும் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. கேம்ப் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இந்த நோயைப் பற்றி நிறையப் படித்தேன். அரைகுறையாகக் கொடுப்பது கொடுக்காமலே இருப்பதைவிடக் கெடுதல் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. அதை இன்னொரு முறை படித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒருநாள் காலையில் கையை நீட்டும்போது சார் முகம் மலர்ந்திருந்தது.

"மிருது, கலர் போயிடுச்சு. நாலு நாளா பார்க்கறேன். பழையபடி வெறும் எலுமிச்சைதான். உடம்புல இருந்த விஷமெல்லாம் வெளியே போயிடுச்சு போலிருக்கே."

"அப்படித்தான் இருக்கும் சார்" என்றேன்.

"உனக்கு நான் எப்படிக் கைம்மாறு செய்யப்போறேன்" என்றார். மாத்திரையை வாயில் போட்டார். "ஆச்சு" என்றார்.

ஆறு மாதம் முடிந்து மறுபடியும் விசாவுக்குச் சளிப் பரிசோதனை. இன்னும் கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குரோம்பேட்டை டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சார் முந்திக்கொண்டார். "ஒரு வேளைகூட விட்டதில்ல டாக்டர். இந்தப் பொண்ணு கையால வாங்காம நான் பச்சத்தண்ணிகூடக் குடிச்சதில்ல."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, வேறு ஒரு பரிசோதனைக்கு மாதிரி எடுத்து அனுப்பினார். அதன் முடிவு வர இரண்டு மாதம் போல ஆகும் என்றார்.

இப்போது பார்க்கலாம் என்று நான் காத்திருந்தேன். விசா இல்லை என்று ஆகிவிட்டது. அவர் கத்துவார், அம்மாவைக் குறை சொல்வார், படப்பைக்குத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்ததும், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"மிருது, விசாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். உங்கம்மாவை வரச் சொல்லிடு."

நான் கைப்பையைக் கீழே வைத்தேன்.

"எனக்கு அந்த ஊரு மேல என்னம்மா ஆசை? ஷ்யாம் அவளை விடமாட்டேங்கறான், குழந்தையப் பார்க்க ஆள் வேணும்னு. கல்யாணத்துக்கு முன்னாடியும் இப்படித்தான். ஒரு தடவை போன்ல அழுதா. என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க சார்னா. நான் பைத்தியக்காரன், மறுநாளே போய் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். எவன் எனக்கு விசா குடுப்பான்? அது தெரியல அப்போ. அவளை அழைச்சுட்டு வந்துடலாம்னு மட்டும் தெரிஞ்சுது." சிரித்தார், சிரிப்பு இருமலாக முடிந்தது. "குளிர் நாட்டுக்குப் போய் அவளை எப்படித் தேடறதுன்னு ஸ்வெட்டர் வேற. இப்ப அவளே இங்க வந்துடட்டும். இருக்கற வரைக்கும் இங்கயே இருந்துடறோம். அந்த சிட்டிசன், கார்டு எல்லாம் யாருக்கு வேணும்?"

நான் நினைத்தது தவறு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. படித்தவர்கள் தங்கள் தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் கொள்கை. மனதுக்குள் ஒப்புக்கொண்டேன். அவர் அம்மாவுக்காகத்தான் வந்தவர். அந்தக் கட்டையான குரலுக்காக, முட்டிவலிக்காக வந்தவர். என்னால் அதைப் புரிந்துகொள்ள முடியவில்லை, அவ்வளவுதான்.

"சொல்றேன் சார்" என்றேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. மனு போட்டவர் அங்கேயே குடியிருந்தாக வேண்டும். இங்கே வந்து தங்கிவிட்டால் என்னுடைய மனு நிற்காது. இதையும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பரிசோதனை முடிவு வந்தபோது நான் மட்டும் போனேன். டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். வழக்கமான மருந்து எதுவும் இவருக்கு வேலை செய்யவில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், வேறு மருந்து, ஊசி, இரண்டு வருடம்கூட ஆகலாம், ஆனால் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது என்றார். "தள்ளிப் போடாதீங்க. வீட்ல இருக்கற மத்தவங்களுக்கும் ஆபத்து." நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் சார் காத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சொன்னார்?"

"இதே மாத்திரைய இன்னும் ஆறு மாசம் சாப்பிடணுமாம் சார்."

"அவ்வளவுதானே" என்றார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சாதாரணமாகவே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அம்மா போன் செய்வாள். சார் தூங்குகிறார் என்றோ, தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றோ சொல்வேன். மருந்து நன்றாக வேலை செய்கிறது, நடுவில் நீ கிளம்பி வந்தால் அவர் கேஸ் கெட்டுவிடும் என்பேன். சாரிடம், குழந்தைக்கு உடம்பு சரியில்லையாம், அம்மாவால் இப்போது கிளம்ப முடியாதாம் என்பேன். ஒரே ஒரு முறை அவரே போனை எடுத்துவிட்டார். பேச ஆரம்பித்ததும் இருமல். அந்தப் பக்கம் அம்மா பதறியது எனக்கே கேட்டது. அவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு, "ஒண்ணுமில்ல பாலா, மிருது பரண்ல தூசி தட்டிக்கிட்டிருக்கா" என்றார். குழந்தைக்கு முடியாத நேரத்தில் அவளைக் கலவரப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜெயக்கொடிதான் எனக்குக் கொஞ்சம் சிரமம் கொடுத்தாள். கீரைக்கட்டும் முருங்கைக்காயுமாக வந்தவள், அவரைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே போட்டாள்.

"அண்ணே, இன்னாண்ணே இது, எலும்பும் தோலுமா கீற? ஆஸ்துமான்னு சொன்னா எவ நம்புவா? எங்க தெருவுல ஒருத்தனுக்கு இதே மாதிரி இருந்துச்சு. சானடோரியத்துல சேர்த்தாங்க, இப்ப லோடு ஏத்திகினு கீறான். எழுந்திரு. ஆட்டோ கூப்பிடறேன்."

அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கவே தொடங்கிவிட்டாள். அன்று அவர் எழுந்து போயிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா இரு கொடி" என்றார் சார். "ஊரைக் கூட்டாதே. மிருது மானத்தையும் பார்க்கணும் இல்ல? நேரம் தவறாம மருந்து குடுக்குது. பெத்த பொண்ணுகூட இப்படிச் செய்யாது."

ஜெயக்கொடி கையை எடுத்தாள். என் பக்கம் வந்தாள். அழுதுகொண்டே என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "தெரியாம பேசிட்டேன்மா. நீ நல்லா இருப்ப. எங்கண்ணனைக் கைவுட்றாத" என்றாள். அன்று மதியம் அவர் தட்டிலேயே சோறு பிசைந்து அவருக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை அவள் சாப்பிட்டாள். அந்த வீட்டில் அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டது அவள் மட்டும்தான். பிறகு அடிக்கடி வந்தாள்.

அந்த வருடத்து மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. ரயில் ஓடவில்லை. சாரால் அடுக்களை வரை நடக்க முடியவில்லை. நான் கட்டிலுக்கே போய்க் கொடுத்தேன். படுத்தபடியே கையின் கீழ் கையை வைத்து வாங்கிக்கொள்வார். வாங்கும்போது ஒவ்வொரு நாளும் கேட்பார்.

"பாலா கிளம்பிட்டாளா?"

"கிளம்பிட்டாங்க சார். மழையால பிளேன் தாமதமாம்."

கடைசி நாளும் அதையேதான் கேட்டார். நானும் அதையேதான் சொன்னேன். மாத்திரையை வாயில் போட்டவர் "ஆச்சு" என்று சொல்லவில்லை. தண்ணீர் டம்ளரோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போய் ஸ்ரீரங்கன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மூன்றாம் நாள் அம்மா வந்து சேர்ந்தாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் அழவில்லை. எல்லோரும் வெளியே போனதும் என்னிடம் கேட்டாள்.

"மிருது, கடைசியா என்னைக் கேட்டாரா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன். என்ன சொன்னால் அவளுக்கு நல்லது என்றும் யோசித்து வைத்திருந்தேன். துக்கத்தை ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சுமக்கக் கூடாது. ஏமாற்றம் அப்படி இல்லை. அது கொஞ்ச நாளில் ஆறிவிடும்.

"இல்லம்மா" என்றேன். "விசா வந்துடுச்சான்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தார்."

அம்மா கண்ணாடி மேலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

ஜெயக்கொடியின் மகன் கொள்ளி வைத்தான். அம்மா பதினாறாம் நாள் வரை இருக்காமல் ஷ்யாம் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். மறுபடி இந்தியா வரவில்லை. சாரைப் பற்றி அவள் பேசுவதில்லை. கல்யாணத்தன்று எடுத்த ஒரே படத்தையும் அவள் கிழித்துவிட்டதாக நிஷா சொன்னாள். ஷ்யாம் பெரிய வீடு வாங்கினான். அம்மா கீழ் அறையில் இருக்கிறாள், குழந்தைகள் பள்ளிக்குப் போய்விட்டால் நாளெல்லாம் யாரோடும் பேசமாட்டாள். ஸ்ரீரங்கன் பக்கவாதத்தில் இரண்டு வருடம் கிடந்து இறந்தார். ஜெயக்கொடிக்கு அதே இருமல் வந்தது. அவள் வெட்கப்படாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள், ஊசியில் காது மந்தமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாது. சேலையூர் வீட்டை விற்றுவிட்டோம். இரண்டாயிரத்து ஒன்பதில் என் மனுவின் முறை வந்தது. எக்ஸ்ரேயில் என் நுரையீரல் சுத்தமாக இருந்தது. எதற்காகப் போகிறீர்கள் என்று நேர்காணலில் ஒரு பெண் கேட்டாள். அம்மாவுக்கு என்னை விட்டால் வேறு யாரும் இல்லை என்றேன். அவள் அதை நம்பினாள். அதில் பொய் எதுவும் இல்லை.